தாழி பார்த்துக் குளிக்காமல் வந்தவள்

இசக்கியம்மாளுக்கு வாசல்படியைத் தாண்டினாலே டூர்தான். ரேஷன் கடைக்குப் போய் வந்தாலும் போன வழி, நின்ற ஆட்கள், நடந்த சண்டை என்று ஒரு கதை கொண்டு வருவாள். அய்யனார் கோவில் அருவிக்கு எத்தனை தடவை போயிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தவள் மாதிரி வந்து நிற்பாள். "மேல இருந்து தண்ணி விழுது பூரணம், அப்படி விழுது" என்பாள். அருவியில் தண்ணீர் கீழே இருந்தா விழும் என்று நான் கேட்பேன். கேட்டாலும் அவளுக்கு உறைக்காது.

நான் பரிபூரணம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், கோன் வைண்டிங் பிரிவில் அவளுக்கு அடுத்த மிஷினில் நின்றவள். அவள் கதையைச் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. ஷிப்ட் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்று அறுந்த நூலை முடிந்துகொண்டே இருந்தால், கூடப் பிறந்தவளைவிட அதிகமாக ஒருத்தியைத் தெரிந்துகொள்ளலாம். மிஷின் சத்தத்தில் காது கேட்காது, உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வோம். சூப்பர்வைசர் வருவது தெரிந்தால் நான் வாயை மூடிவிடுவேன். இசக்கி மூட மாட்டாள். அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்வாள்.

அவள் புருஷன் தனுஷ்கோடி அவளுக்கு நேர் எதிர். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசிவிட்டால் அடுத்த வார்த்தைக்குக் களைத்துப்போகிற மனுஷன். பஸ் ஏறினால் வாந்தி. கல்யாணமான புதிதில் ஆடித்தபசு பார்க்க இவளைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதும் வரும்போதும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இருந்தவர், அன்றோடு பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

அதனால் இசக்கி எங்கள் மில் பெண்களோடுதான் ஊர் சுற்றினாள். அவர் தடுத்ததே இல்லை. நாங்கள் எந்நேரம் திரும்பினாலும் பஸ் ஸ்டாண்டு எதிரில் சைக்கிளோடு நிற்பார். எப்படி இருந்தது, என்ன பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டுவார். இவள் பக்கத்தில் நடந்தபடி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போவாள். தெரு திரும்பும்வரை அவள் குரல் எங்களுக்குக் கேட்கும். அப்படி ஒரு ஆளிடம் பேசுவதில் என்ன சுகம் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "அவிய கேக்க மாதிரி ஒருத்தரும் கேக்க மாட்டாவட்டி" என்றாள். எனக்குப் புரியவில்லை, ஆனாலும் பொறாமையாக இருந்தது.

எண்பத்தெட்டில், ஐப்பசி அடைமழையில், தனுஷ்கோடிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் போட்டார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். மனுஷன் நிற்கவில்லை.

அவர்கள் வழக்கத்தில் புதைப்பதுதான். பெண்கள் தெருமுனை அடிபம்புவரை வரலாம், அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் பாடை ஆண்களோடு போய்விடும். இசக்கி நிற்கவில்லை. பின்னாலேயே நடக்கப் பார்த்தாள். பெண்கள் சேர்ந்து இழுத்துப் பிடித்தார்கள். "எங்கயும் தனியாப் போகாத ஆளு, நான் கூடப் போறேன், விடுங்க" என்று அவள் கத்தியது மழையில் பாதிதான் கேட்டது. பிள்ளைகள் இல்லாததால், குடம் உடைக்கிற சடங்கெல்லாம் தனுஷ்கோடியின் தம்பி காளிராஜ் தலையில் விழுந்தது.

காரியம் முடிந்து அவள் மில்லுக்குத் திரும்பினாள். பழையபடி பேசினாள், சிரித்தாள், டூருக்கும் வந்தாள். ஆனால் ஒரு கேள்வி அவளோடு ஒட்டிக்கொண்டது. காளிராஜைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணனை எங்கன வச்சிருக்கு காளி?" என்று கேட்பாள். அவனுடைய பதிலும் மாறாது. "அதெல்லாம் பொம்பளைக கேக்கக் கூடாது மதினி."

காளிராஜ் கெட்டவன் இல்லை. ஓடைக்கரைக்குப் பாதை பிரிகிற இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். மதினி வீட்டுக்கு விறகு, மண்ணெண்ணெய் எல்லாம் அவன்தான் வாங்கிப் போடுவான். ஆனால் இந்தக் கேள்வி வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்று இறங்காத டியூபைக்கூட எடுத்துத் தண்ணீரில் முக்க ஆரம்பித்துவிடுவான். எனக்கு அவன்மேல் பற்றிக்கொண்டு வரும். கட்டினவள் கேட்கிறாள், இடத்தைக் கையைக் காட்டிச் சொன்னால் இவன் கை அழுகியா போய்விடும் என்று திட்டுவேன். இசக்கிதான் என் வாயைப் பொத்துவாள்.

நாங்கள் வேதக்காரர்கள். கல்லறைத் திருநாள் அன்று ஆணும் பெண்ணும் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். ஒரு வருஷம் இசக்கி நானும் வாரேன் என்று கிளம்பிவிட்டாள். என் அப்பா கல்லறைக்கு நான் வெள்ளையடிக்க, அவள் புல்லைப் பிடுங்கினாள், செவ்வந்திப் பூ சுற்றினாள், காற்றில் அணைந்த மெழுகுதிரிகளைத் திரும்பத் திரும்பக் கொளுத்தினாள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வரும்போது முதல் ஆளாக நின்று தலையில் வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில், "ஒங்க அப்பாகூட நல்லாப் பேசியாச்சு" என்றாள். உயிரோடு இருக்கும்போது அவரிடம் யாரும் அவ்வளவு பேசியதில்லை என்றேன்.

அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள். "எங்க வீட்ல போட்டோ இருக்கு. மூஞ்சி தெரியுது. ஆளு எங்கன இருக்காவன்னு தெரிஞ்சாப் போதும் பூரணம். ஒரு தடவை போயி நின்னுட்டு வந்திருவேன்."

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மாசி மாதம், பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் ஒரு பருத்திக்காட்டில் கிணறு தோண்டப் போய் முதுமக்கள் தாழியாகக் கிளம்பியது. தொல்லியல் துறையிலிருந்து ஆட்கள் வந்து கொட்டகை போட்டுக் குழி வெட்டினார்கள். பேப்பரில் போட்டோவும் வந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ராஜபாளையத்துக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் தேர் பார்க்கப் போகிற மாதிரி குடும்பத்தோடு கிளம்பினார்கள். ஐஸ் வண்டி போனது, வெள்ளரிக்காய் போனது. குச்சியில் சுற்றின சவ்வு மிட்டாயும் போனதாகக் கேள்வி.

அபுதாஹிர் விடுவானா? அவன் ஒரு மெட்டடார் வேன் வைத்து டூர் ஓட்டுகிறவன். முன்கண்ணாடியில் 786, பக்கத்திலேயே ஆண்டாள் படம். ஆடிப்பூரத் தேருக்கு ஆள் ஏற்றுவதில் அவனை மிஞ்ச முடியாது. மில் வாசலில் வந்து நின்றுகொண்டு, "பிளவக்கல் டேம், தாழி, மடவார் வளாகம் வைத்தியநாத சாமி கோயில். காலம்பறப் போயி வெளக்கு வைக்க முன்னாடி வீடு வந்திரலாம்" என்று வரிசையாகச் சொன்னான். போகிற வழியில் அணையும் தாழியும், திரும்புகிற வழியில் கோயில். மத்தியானம் நடை சாத்தியிருக்கும், சாயந்திரம்தான் திறக்கும், அதனால் அப்படிப் போட்டிருக்கிறேன் என்றான். டீசல் கணக்குக்கும் நேரக் கணக்குக்கும் அது சரியான வரிசை. அந்த வரிசையில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று அவனுக்கும் தோன்றவில்லை, வேன் நிறைய ஏறின எங்களுக்கும் தோன்றவில்லை.

அணையைப் பார்த்தோம், கட்டுச்சோற்றைப் பிரித்தோம், புளியோதரையில் உப்புக் குறைச்சல் என்று ஒரு சண்டை போட்டோம். தாழிக்காட்டுக்கு வந்து இறங்கினபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கயிறு கட்டி, துறை போர்டு வைத்திருந்தார்கள். கயிற்றுக்கு முன்னால் வந்ததும் சீனியம்மாள் நின்றுவிட்டாள். ரீலிங் பிரிவில் மூத்தவள். சாஸ்திரம் சம்பிரதாயம் என்றால் எங்கள் மில்லுக்கே அவள் சொல்வதுதான் சட்டம்.

"ஏட்டி, இந்தத் தாழிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"எலும்பு" என்றேன்.

"அப்போ இது சுடுகாடுல்லா. பொம்பளைக எப்படிப் போக? போயிட்டுப் பொறவு எப்படிக் கோயிலுக்குப் போக?"

வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அபுதாஹிருக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, இது சர்க்கார் எடம். போர்டு வச்சிருக்காவ பாருங்க. சர்க்கார் எடத்துக்குத் தீட்டு கெடையாது" என்றான்.

"போர்டை எடுத்திட்டாவன்னா?" என்று சீனியம்மாள் கேட்டாள்.

இந்த வழக்கு முடிவதற்குள் இசக்கி குழிக்குள் இறங்கிவிட்டாள். கயிற்றுக்கு அடியில் குனிந்தது தெரியும், மண்ணில் வெட்டின படி வழியாக அவள் கொண்டை மறைந்ததும் தெரியும். அவள் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் வருஷம் பூராவும் அதைக் கதையாகச் சொல்லி நம்மைக் கொல்லுவாள் என்கிற பயத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சீனியம்மாள் கடைசியாக, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இறங்கினாள். மூக்கை மூட அங்கே ஒன்றும் இல்லை, புது மண் வாசனைதான் வந்தது.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மேலே வெயில் கொளுத்துவதே தெரியவில்லை. நெல் போட்டு வைக்கிற குலுக்கை அளவுக்கு, வாய் அகன்ற சிவப்புத் தாழிகள் கழுத்துவரை மண்ணில் நின்றன. சிலது மூடியோடு இருந்தது. ஒன்று மட்டும் பக்கவாட்டில் உடைந்து, உள்ளே எலும்பும், கறுப்பும் சிவப்புமாக வழவழவென்று சின்னக் கலயங்களும் தெரிந்தன. கண்ணாடி போட்ட இளவயசு அதிகாரி ஒருவர், தொடாமல் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு விளக்கினார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். செத்தவர்களுக்கு வேண்டியதையெல்லாம் கூட வைத்து மூடியிருக்கிறார்கள் என்றார்.

இசக்கி உடைந்த தாழி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இது ஆம்பளையா பொம்பளையா சார்?"

"தெரியலம்மா. எலும்பை அனுப்பி டெஸ்ட் பண்ணணும்."

"இவியளை இங்கன கொண்டுவந்து வைக்கையில பொம்பளைக கூட வந்திருப்பாவளா?"

இத்தனை நாளில் அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எப்படிம்மா சொல்ல முடியும்? சங்கு வளையல் துண்டு ஒண்ணு கெடைச்சிருக்கு. ஆனா அது செத்தவங்களோடதாவும் இருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பின்பாதி இசக்கி காதில் ஏறவில்லை. "கேட்டியா பூரணம், வளையல் கெடந்திருக்கு. பொம்பளை வந்திருக்கா" என்றாள். அவர் மறுபடியும் விளக்க ஆரம்பித்தார். நான்தான் விட்டுவிடுங்கள் சார் என்று கையைக் காட்டினேன்.

உள்ளே வந்த பிறகு சீனியம்மாளுக்கும் பேச்சு வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த கதையை எடுத்துவிட்டாள். "இதுக்கு மதமதக்கத் தாழின்னு பேரு. அந்தக் காலத்துல ஆளுகளுக்குச் சாவே வராதாம். வயசாக வயசாகச் சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி கணக்கா ஆயிருவாவளாம். தூக்கி வெளக்கு மாடத்துல வச்சிருவாவளாம். பொறவு அதுக்கும் ஏலாமப் போனாத்தான் தாழியில வச்சு, சோறு தண்ணியும் வச்சு, மூடிருவாவளாம்."

எல்லாரும் சிரித்தார்கள், இசக்கி சிரிக்கவில்லை. "எங்க வீட்டு ஆளும் அப்படிச் சுருங்கியிருந்தா நானும் மாடத்துல வச்சிருப்பேன். வெளக்குப் போடையில பாத்துக்கிடலாம், பேசிக்கிடலாம்" என்றாள்.

எல்லாரும் படி ஏறத் தொடங்கின பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். என்னை அண்ணாந்து பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"பூரணம், நாம இப்பம் எங்கன நிக்கோம்?"

"குழிக்குள்ள."

"சுடுகாட்டுக்குள்ள நிக்கோம். நானும் நிக்கேன், சீனியக்காளும் நிக்கா. ஒண்ணும் ஆகலைல்லா?"

மேலே வந்ததும் கோயில் பிரச்சனை வந்தது. தாழிக்குள் இறங்கிவிட்டுக் குளிக்காமல் கோயில் வாசலை மிதிக்க முடியாது என்று சீனியம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அபுதாஹிர் தலையில் அடித்துக்கொண்டு எல்லாரையும் வேனில் ஏற்றினான். பிறகு ரோட்டோரம் ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டு வேனை நிறுத்தினான். தோட்டக்காரரிடம் போய், எல்லாரும் தாழி பார்த்துவிட்டு வந்தவர்கள், தலைமுழுக வேண்டும் என்று சொன்னான். அவர் துக்க வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அப்புறம் என்ன, பம்புசெட் தொட்டியில் ஒரே கும்மாளம். கட்டின சேலையோடு ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டார்கள். வேதக்காரிக்கு ஏது தீட்டு, நீ என்னத்துக்குக் குளிக்கிறாய் என்று என்னைக் கேட்டார்கள். குளிக்கிறதுக்குக் காரணம் வேறு வேண்டுமா என்று நானும் குழாய்க்கு நேராகத் தலையைக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் இசக்கி வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சொட்டு நனையாமல். தண்ணீரைக் கண்டால் முதல் ஆளாகக் குதிக்கிறவள்.

"ஏட்டி இசக்கி, வா. கோயிலுக்கு நேரமாகுது" என்று சீனியம்மாள் கூப்பிட்டாள்.

"நான் கோயிலுக்கு வரலக்கா. இப்பம் குளிச்சா எல்லாம் முடிஞ்சிரும். இன்னொரு எடம் போகவேண்டியிருக்கு. ரெண்டுக்கும் சேத்து ராத்திரி வீட்ல ஒரே குளியலாக் குளிச்சிக்கிடுதேன்" என்றாள்.

எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். தொட்டியில் ஆட்டம் அடங்கிவிட்டது. சீனியம்மாள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே முடியைப் பிழிந்தாள்.

மடவார் வளாகத்தில் எல்லாரும் ஈரத்தலையோடு கோயிலுக்குள் போனார்கள். வெளியே வேன் நிழலில் மூன்று பேர் இருந்தோம். தீட்டோடு இசக்கி, வேதக்காரி நான், டீ வாங்கிக்கொண்டு வந்த அபுதாஹிர். டீயை ஆற்றிக்கொண்டே அவன் சொன்னான். "எங்கள்லயும் பொம்பளைக மையவாடிக்கு வாரது வழக்கமில்லக்கா. எங்க உம்மாவை அடக்குனப்போ எம் பொண்டாட்டி நூர்னிசா வரலை. ஆனா எந்த எடம்னு அவ கேட்டா, சொல்லிட்டேன். பள்ளிவாசல் செவத்தை ஒட்டி, மருதாணிச் செடிக்குக் கீழ."

"உன் பொண்டாட்டி குடுத்து வச்சவ" என்றாள் இசக்கி.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. அங்கே போய் நின்று என்ன செய்யப் போகிறாய், காளிராஜ் காட்டாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அவிய போன பொறவு குத்தாலம் போயிருக்கோம், திருச்செந்தூர் போயிருக்கோம், கன்னியாமரி போயிருக்கோம். அந்தக் கதை அம்புட்டும் எனக்குள்ள அப்படியே கெடக்கு. யார்ட்டச் சொல்ல?"

என்னிடம் சொல்லேன் என்றேன்.

"நீதான் கூடவே வாரயே. உன்ட்டச் சொல்ல என்ன இருக்கு?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. டீ சூடு என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சொல்லாமலே அபுதாஹிர் வேனைக் காளிராஜ் கடைக்கு முன்னால் நிறுத்தினான். காளிராஜ் ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். இசக்கி இறங்கிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"காளி, நான் தாழிக்காட்டுக்குப் போயிட்டு வாரேன். இன்னும் குளிக்கலை. எப்படியும் தீட்டுதான். இனிமே கூடாதுன்னு சொல்ல ஒண்ணுமில்லை. வா, வந்து காட்டு."

அவன் வழக்கம்போல டியூபைத் தேடினான். பக்கத்தில் டியூப் எதுவும் இல்லை. வேனிலிருந்து எட்டிப் பார்த்த அத்தனை பெண்களையும் பார்த்தான். "மதினி, வேண்டாம்" என்றான். "வா" என்றாள். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். நான் பின்னால் போனேன். வேனுக்குள் கொஞ்சம் சலசலப்புக் கேட்டது, பிறகு சீனியம்மாள் இறங்கி வருவது தெரிந்தது. சாமி கும்பிட்டுவிட்டு இங்கே வரலாமா என்று நான் கேட்டேன். "இன்னொரு தடவை முங்கினாத் தேஞ்சா போயிருவோம், நடட்டி" என்றாள். அவளே வந்த பிறகு மற்றவர்கள் வேனில் இருப்பார்களா?

ஓடைக்கரையில் ஒரு வேப்பமரம், அதைத் தாண்டினால் உடைமரப் புதர், நடுவில் மேடும் பள்ளமுமாகப் புல் முளைத்துக் கிடந்தது. எங்கள் கல்லறைத் தோட்டம் மாதிரி சிலுவையோ பெயரோ கிடையாது. காளிராஜ் வேப்பமரத்துக்குக் கிழக்கே போய் நின்றான். அங்கிருந்து உடைமரத்துப் பக்கம் வந்தான். திரும்பவும் மரத்துக்கே போனான். "இங்கனதான்" என்று கையை நீட்டினான், நீட்டின கையை மடக்கிக்கொண்டான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இசக்கிக்கு எனக்கு முன்னாலேயே விளங்கியிருக்கும்.

அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "குடத்தை ஒடச்சிட்டுத் திரும்பிப் பாக்காம நடன்னு பெரியாளுக சொன்னாவ மதினி. நான் பாக்கலை. மறுநாப் பாலூத்த வந்தப்பம் ஓடையில வெள்ளம் ஏறி மேடெல்லாம் கரைஞ்சு கெடந்துச்சு. குழி வெட்டுனவனுக்கும் அடையாளம் தெரியலை. எங்கனன்னு தெரியாமலே ஊத்திட்டு வந்தேன். அதை உங்ககிட்டச் சொல்ல வாய் வரலை. அதான் பொம்பளைக கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டே இருந்தேன்."

இத்தனை வருஷமாக அவன்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்காதே என்றார்கள், அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சாத்திரம் சொன்னபடி நடந்தவனுக்கு அண்ணன் இருக்கிற இடமே தெரியாமல் போய்விட்டது. யாரைத் திட்டுவது?

இசக்கி அவனைத் திட்டவில்லை. அழவும் இல்லை. வேப்பமரத்திலிருந்து உடைமரம்வரை அந்தக் காடு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுவில் ஒரு மேட்டில் ஏறினாள்.

"தனுஷ்கோடி" என்று கூப்பிட்டாள்.

சீனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டினவன் பெயரை ஒரு நாளும் வாயால் சொல்லாதவள், ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற மாதிரி, கிழக்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை, ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிக் கூப்பிட்டாள். காளிராஜ் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் இசக்கி வந்திருக்கேன். எந்த மூலையில படுத்திருக்கீயளோ, அங்கனயே இருங்க, எந்திரிக்க வேண்டாம். அங்கன இருந்தே கேளுங்க" என்றாள். அப்படியே புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "முதல்ல குத்தாலம் போன கதையைச் சொல்லுதேன். மேல இருந்து தண்ணி விழுது, அப்படி விழுது" என்று ஆரம்பித்தாள்.